சந்தின் நடுவாக

பிப்ரவரி 6

அன்புத் தம்பி பென்சிலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பூட்டுக் கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்" கொட்டியே காலத்தை ஓட்டிவிடுவாய். கடிதத்தில் யாராலும் "ம்" கொட்ட முடியாது, அதனால் நமக்கு இதுதான் சரி.

ஒரு பெரிய செய்தி. எங்கள் நகர மன்றத்துக்கு இருபத்தொரு கவுன்சிலர்கள் அதிகம், பன்னிரண்டு பேர் போதும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்களிடம் கருத்துக் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். சிரிக்காதே. என் வலப்பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றித்தான் உனக்கு எழுதியிருக்கிறேனே. கூட்டம் தொடங்கியதும் கொட்டாவி, முடியும்போது "ஆமோதிக்கிறேன்". அந்த மாதிரி ஒன்பது பேர் குறைந்தால் ஊருக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். கொட்டாவிக்காரரும் அரைத் தூக்கத்தில் கை தூக்கினார்.

என்னுடைய ஒன்பதாம் வார்டுதான் எல்லாவற்றிலும் சின்னது. பத்தாம் வார்டோடு முழுசாகச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. சேர்க்கட்டும். இரண்டு வார்டிலும் பாதிப் பேருக்கு நான்தான் துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன், அளவு உட்பட எல்லாம் தெரியும். மறுபடி ஒரு தடவை ஜெயித்து, அந்த மழைநீர் வாய்க்காலைக் கட்டி முடித்துவிட்டால் போதும். மில்லுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் ஒன்பது வீட்டுக்குள்ளும் மழைக்கு மழை தண்ணீர் ஏறுகிறது. இரண்டு வருஷம் நடையாய் நடந்து இப்போதுதான் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

நேற்று வாய்க்காலை அளக்க வந்தவர்களோடு நம் தும்மல் சந்து வழியாகப் போனேன். மிளகாய் மில்லை மூடிப் பத்து வருஷம் ஆகியும் எனக்கு அங்கே மூக்கு அரிக்கிறது. வார்டு எல்லை வரைபடமெல்லாம் உங்கள் அலுவலகத்தில்தான் தயாராகிறதாமே? உன் பென்சில் எங்கள் ஊர்மேல் பட்டால் அக்கா வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போ.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பென்சில் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். குழந்தைக்கு முன்பல் விழுந்து, "அத்தை" என்றால் காற்றுதான் வருகிறது. அத்தானுடைய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? தாமதமாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை.

நீ கேட்டது சரிதான், எல்லை வேலை எங்கள் அலுவலகத்தில்தான் நடக்கிறது. ஆனால் அது வேறு பிரிவு. நான் குடிநீர்க் குழாய் வரைபடங்களில் இருக்கிறேன். யார் எந்த ஊரைப் போடுகிறார்கள் என்பது அடுத்த மேஜைக்குக்கூடத் தெரியாது.

ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஜூனில் நிரந்தரம் ஆக்குவதாக மேலாளர் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இருக்கும் இடம் தெரியாமல் இருந்துவிட்டால் நல்லது. நீ கவுன்சிலர் என்றுகூட நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பெருமையடிக்கிறான் என்பார்கள்.

வெயிலில் அலையாதே அக்கா.

உன்,
பென்சில்

---

மார்ச் 20

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். குழந்தையின் பல்லைப் பத்திரமாக எடுத்து வைத்தாயா?

முந்தாநாள் புது வார்டுப் படத்தை மன்றச் சுவரில் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் ஊரே கூடிவிட்டது. நானும் எக்கி எக்கிப் பார்த்தேன். என் வார்டைப் பத்தாம் வார்டோடு சேர்க்கவில்லை. இரண்டாகக் கிழித்திருக்கிறார்கள். என் வீடு இருக்கும் பாதி புது ஆறாம் வார்டு. சந்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்து ஒன்பது வீட்டோடு சேர்த்து, புது ஐந்தாம் வார்டு. வாய்க்கால் தொடங்குவது ஒருவர் வார்டில், முடிவது இன்னொருவர் வார்டில்.

படத்துக்குக் கீழே எல்லைக் குறிப்பு அச்சடித்திருந்தது. "வடக்கே தண்டவாளம், கிழக்கே மில் சுவர், அங்கிருந்து சந்தின் நடுவாக" என்று போகிறது. அதில் ஒரு வார்த்தையை நான் மூன்று தடவை படித்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு தடவை படித்தேன்.

பள்ளத்து வீட்டுச் சலவைக்காரம்மா பக்கத்தில் நின்று, "அப்போ எங்க வீட்டுக்கு யாரு கவுன்சிலரு? நீங்க இல்லியா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் படத்தில் தன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடுவது தெரிந்துவிட்டது.

ஆட்சேபணை சொல்ல ஏப்ரல் பதினேழுவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் அதற்குள் எழுது.

அக்கா

---

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் கைக்கு வரத் தாமதமாகிவிட்டது, அலுவலகத்தில் வேறு யார் மேஜைக்கோ போய்விட்டதாம். அதற்குள் நீ சொன்ன தேதியும் கடந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு வரைவாளர் போட்டிருக்கிறார். பெயர் தெரியவில்லை. மக்கள்தொகை சமமாக வரவேண்டும் என்று விதி இருக்கிறது, அதன்படி செய்திருப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள் அக்கா.

அத்தானுக்கு ஒரு தைலமும் உனக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் இதோடு அனுப்பியிருக்கிறேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தேன் என்று எழுதியிருந்தாயே, அதனால். ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாயா? என்ன எழுதினாய்?

உன்,
பென்சில்

---

மே 8

தம்பிக்கு,

தைலம் வந்தது. அத்தான் காலில் தடவியதில் பாதி, பூட்டுகளில் தடவியது பாதி. பூட்டெல்லாம் நன்றாகத் திறக்கிறதாம். கண்ணாடியும் பொருத்தமாக இருக்கிறது. இப்போது சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது.

ஆட்சேபணை எழுதினேன். நாலு பக்கம். எழுதிக் கையெழுத்துப் போட்டு, மன்ற வாசல்வரை கொண்டுபோனேன். அங்கே கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதே, கையெழுத்து சரியாக விழவில்லை என்று வைத்துக்கொள். புது ஆறாம் வார்டில் நிற்கப்போகிறேன்.

உனக்கு ஏழு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? என் தையல் மெஷின் ஊசியை உடைத்துவிட்டு, முனையைத் துணிக்குள் ஒளித்து வைத்தாய். "நீயாடா உடைச்சே?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "இல்லை". சாயங்காலம் அது என் கட்டைவிரலில் ஏறியது. அன்றைக்கு நீதான் என்னைவிட அதிகமாக அழுதாய். எனக்கு வலித்தது ஊசியால் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எழுத ஏதாவது இருந்தால் எழுது. தாமதமானாலும் பரவாயில்லை.

அக்கா

---

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வேலை நிரந்தரமாகிவிட்டது. இவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். உனக்கு நான் சொல்ல வேண்டும் என்று பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சாப்பாடு சரியாக இறங்கமாட்டேன் என்கிறது. வயிற்றுக் கோளாறுதான், வேறொன்றுமில்லை.

தேர்தலுக்கு வர விடுமுறை கிடைக்காது போலிருக்கிறது. நீ ஜெயித்துவிடுவாய். நீ ஜெயிக்க வேண்டும் என்று நான் விரும்புகிற அளவுக்கு அத்தான்கூட விரும்பமாட்டார்.

தம்பி

---

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நிரந்தரமானதில் எனக்கும் சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம். அத்தான் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார்.

நான் தோற்றுவிட்டேன். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம். சந்துக்கு அந்தப் பக்கம் எனக்கென்று இருந்தவை இருநூற்றுக்கும் மேலே. அவை வேறு பெட்டியில் விழுந்தன, எனக்குத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில்.

தேர்தலன்று சலவைக்காரம்மா காலையிலேயே குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு என் வாக்குச்சாவடிக்கு வந்துவிட்டாள். உன் ஓட்டு இங்கே இல்லை, மில்லுக்கு அந்தாண்டை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போய்ச் சீட்டை வாங்கி என் தையல் மெஷின் சின்னத்தைத் தேடியிருக்கிறாள். திரும்பி வரும்போது என்னிடம், "தேடித் தேடிப் பாத்தேன், உங்களக் காணோம். சும்மா மடிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். தப்பு செய்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொட்டாவிக்காரர் ஜெயித்துவிட்டார். மிச்சப்பட்ட ஒன்பது நாற்காலிகளை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதற்கு ஒரு கால் ஆடும், உட்காருகிறவர்களிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன் வயிற்றை டாக்டரிடம் காட்டினாயா?

அக்கா

---

அக்டோபர் 29

தம்பிக்கு,

என் ஆகஸ்டுக் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே நான்கு நாள் மழை. பள்ளத்து ஒன்பது வீட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எல்லோரும் என் வாசலுக்குத்தான் வந்தார்கள், பழக்க தோஷம். நான் இப்போது யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் வார்டுக்காரரிடம் போனேன். "வாய்க்கால் ஆறாம் வார்டுலதானேம்மா ஆரம்பிக்குது, அவரு வெட்டினாத்தான் நான் வெட்ட முடியும்" என்றார். ஆறாம் வார்டுக்காரர், "தண்ணி நிக்கிறது அஞ்சுல. எனக்கென்ன வந்தது?" என்றார். வாங்கிய ஒப்புதல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது.

சலவைக்காரம்மா வீட்டில் வெளுத்து மடித்து வைத்த ஊரார் துணி பதினாறு மூட்டையும் சேற்றில் ஊறிவிட்டது. அவள் அழவில்லை. யார் யாருடைய துணி என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து பிழிந்தேன். என் சேலையும் ஒன்று அதில் இருந்தது.

உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

அக்கா

---

நவம்பர் 9

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்று உங்கள் ஊர்ப் படம் என் மேஜையில்தான் விரிந்து கிடந்தது. உன் வீட்டு மேலேயே உன் கடிதத்தை வைத்துப் படித்தேன். குடிநீர்க் குழாய் என்று எழுதியது பொய். ஏப்ரலில் உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது என்று எழுதியதும் பொய். மூன்றாம் நாளே கிடைத்தது. தேதி போகட்டும் என்று மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஊரை ஒப்படைக்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். "இந்த எல்லைக்குள் உங்கள் உறவினர் எவரேனும் மன்ற உறுப்பினராக இருக்கிறாரா?" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரு கட்டம். ஆம் என்று எழுதினால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜூனில் நிரந்தரம் ஆக வேண்டியவன், கையில் வேலை இல்லாமல் இருந்தால் என்ன ஆவது என்று பயந்தேன். "இல்லை" என்று எழுதினேன்.

மேலாளர் போட்ட முதல் படத்தில் உன் வார்டு முழுசாகத்தான் இருந்தது, பத்தாம் வார்டோடு சேர்ந்து. அதை அப்படியே சுத்தமாக வரைவதுதான் என் வேலை. ஒருநாள் மத்தியானம் சரிபார்க்கிறவர் வந்து, "உங்க ஊர்தானேப்பா இது? சொந்தக்காரங்க யாராச்சும் கவுன்சிலரா இருக்காங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, "அதெல்லாம் யாருமில்ல சார்" என்றேன். அவர் போனதும் உன் வார்டு முழுசாக இருப்பதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. நாளைக்குத் தெரிந்தால் அக்காவுக்காகக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்வார்களே என்று ரப்பரை எடுத்தேன். சந்தின் நடுவாக இழுத்தேன். காரணம் என்ற இடத்தில் "மக்கள்தொகைச் சமநிலை" என்று எழுதினேன். பதினோரு பேர் வித்தியாசம் குறைந்தது. மேலாளர் பாராட்டினார்.

யாரும் என்னைச் சொல்லக்கூடாது என்பதற்காக உன்னை வெட்டினேன் அக்கா. அந்த ஒன்பது வீடும் எனக்குத் தெரியாத வீடு இல்லை. எந்த வாசற்படி தாழ்வு என்றுகூடத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

தம்பி

---

நவம்பர் 17

பென்சிலுக்கு,

நானும் அத்தானும் நலம். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு பூட்டையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாயா? படத்தை ஒட்டிய அன்றைக்கே தெரியும். எல்லைக் குறிப்பில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று எடுத்துப் பார். "அங்கிருந்து தும்மல் சந்தின் நடுவாக." அந்தச் சந்துக்கு ஊரில் ஏதுடா பேர்? எல்லோருக்கும் அது மில்லுக்குப் பின்பக்கம். உன்னை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு, "மூக்கப் பொத்திக்கோங்க, தும்மல் சந்து வருது" என்று அம்மா சொல்வாள். அம்மா போன பிறகு அந்தப் பேர் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். பேரில்லாத இடத்துக்கு ஒரு பேர் எழுத வேண்டி வந்ததும் உன் கை அதை எழுதிவிட்டது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் நின்றவர், "என்னம்மா, வார்டே போச்சு, சிரிக்கிறீங்க?" என்றார். மறுபடி படித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

கிழித்துப்போட்ட ஆட்சேபணையின் நாலாம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். கொடுத்திருந்தால் படத்தையே ரத்து செய்திருப்பார்கள். உன்னையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்ற மூன்றையாவது கொடுத்திருக்கலாம். அவர்கள் துருவிக் கேட்டால் உன் பேர் வந்துவிடுமோ என்று அதையும் கொடுக்கவில்லை. நீயே சொல்வாய், சொல்வாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் காத்திருந்தேன். நான் காத்திருந்த காலத்தில்தான் மழை வந்தது. அந்தத் தண்ணீரில் எனக்கும் பங்கு உண்டு. ஆட்களைக் குறைக்கக் கை தூக்கியதற்கும் சேர்த்து.

நேற்றுச் சலவைக்காரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "உங்க தம்பிய நீங்க காப்பாத்திட்டீங்க. எங்கள யாரு காப்பாத்துவா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மன்றத்தார் சந்து முனையில் பலகை அடித்துவிட்டார்கள், "தும்மல் சந்து" என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே தும்முகிறார்கள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நான் அக்கா, நீ கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துத் தொலைத்துவிடுவேன், அதனால் அது உனக்கு உதவாது. கேட்க வேண்டிய இடம் உனக்கே தெரியும். தாழ்வான வாசற்படிகள்.

அக்கா

---

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இவளும் குழந்தையும் சுகம். நான் சுகம் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

எல்லைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அது ஊர் வைத்த பேர் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது அக்கா. உன்னை யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுத்த அதே வாரத்தில், அம்மா சொன்ன பேரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தார். "வேலை நிலைக்காதுப்பா, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அந்த ஒரு கோட்டை மட்டும் மறுபடி பார்ப்பார்களாம். மாறும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இவளிடம் நேற்றுதான் சொன்னேன்.

சனிக்கிழமை வருகிறேன். நேராக வீட்டுக்கு வரமாட்டேன். முதலில் சந்தின் அந்தப் பக்கம் ஒன்பது வாசலுக்கும் போய்விட்டு வருகிறேன். சலவைக்காரம்மாவின் கேள்வியை அவள் வாசலில் நின்று கேட்கவாவது வேண்டும். நேரமாகலாம், அத்தானைச் சாப்பிடச் சொல்.

திருத்தப் படிவம் ஒன்று கொடுத்து மறுபடி நிரப்பச் சொன்னார்கள். அதே கேள்விகள். "இந்த எல்லைக்குள் உங்கள் உறவினர் எவரேனும் மன்ற உறுப்பினராக இருக்கிறாரா?" கட்டம் சின்னது. நுணுக்கி எழுதினேன்:

"இருந்தார். என் அக்கா. நான் கோடு போடும்வரை."

உன்,
பென்சில்